வெடிக்கட்டும் என்று செய்த பெட்டி

போன கோடை விடுமுறையில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலைக்கு ஒரு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். எலக்ட்ரிக்கல் படிக்கிற பையன் என்பதால் பராமரிப்புப் பிரிவில் ஒரு மூத்த எலக்ட்ரீஷியனோடு சேர்த்துவிட்டார்கள். முதல் வாரமே ஒரு பாடம் கிடைத்தது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

தின்னர் டிரம்கள் அடுக்கியிருக்கும் கிடங்கு. சுவரில் கனமான ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே இருப்பது சாதாரண மோட்டார் ஸ்டார்ட்டர்தான். ஆனால் மூடியைச் சுற்றி வரிசையாக போல்ட்டுகள். அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியை எடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரும்போடு இரும்பு உட்காரும் விளிம்பு. நடுவில் ரப்பர் கேஸ்கெட் எதுவும் இல்லை.

"அண்ணே, கேஸ்கெட்டே இல்லையே. ஆவி உள்ள போயிடாதா? சிலிகான் தடவிடலாமா?" என்று கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைப்பு வேறு.

அவர் சிரித்தார். "தம்பி, இது ஆவி உள்ள போகாம தடுக்கிற பெட்டி இல்ல. உள்ள போகும், வெடிக்கும். வெடிக்கட்டும்னுதான் செஞ்சிருக்கான். வெளிய வராம இருந்தா போதும்."

அன்று ஒரு போல்ட்டின் மரை போயிருந்தது. அதே அளவில், அதே தரத்தில் வேறு போல்ட் ஸ்டோரிலிருந்து வரும்வரை அவர் மின்சாரம் கொடுக்கவே இல்லை. வேலை இரண்டு மணி நேரம் நின்றது. மற்ற போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவே, ஒன்று இல்லாவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நல்லவேளை, அதைக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு இந்தப் பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். அது நேராக நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள்.

சுரங்கத்தில் ஒரு விளக்கு

நிலக்கரிப் படுகைகளில் மீத்தேன் வாயு அடைந்து கிடக்கும். வெட்ட வெட்ட அது கசிந்து வெளியே வரும். காற்றில் அதன் அளவு சுமார் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதைவிடக் குறைந்தால் எரிய வாயு போதாது. அதிகமானால் ஆக்சிஜன் போதாது.

இந்த வாயுவுக்கு நடுவில்தான் அன்றைய தொழிலாளர்கள் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற இடத்துச் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பாதுகாப்பான விளக்கு வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியிடம் விஷயம் போனது.

1815ல் டேவி கண்டுபிடித்தது கேட்பதற்கு எளிமையானது. குறுகலான உலோகக் குழாய் வழியாகச் சுடர் கடந்து போகாது. குழாயின் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சுடர் குளிர்ந்து அணைந்துவிடும். அப்படியானால் நெருக்கமாகப் பின்னிய கம்பி வலை என்பது என்ன? பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஆயிரக்கணக்கான குட்டிக் குழாய்கள்! விளக்கைச் சுற்றி அந்த வலையை வைத்தால் காற்று உள்ளே போகும், வெளிச்சம் வெளியே வரும், சுடர் மட்டும் வராது. டேவியின் வலையில் ஒரு சதுர அங்குலத்தில் 784 துளைகள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேவி வாயுவைத் தடுக்கவில்லை. அதை உள்ளே வரவிட்டார். உள்ளே எரிந்தாலும் பரவாயில்லை என்றார். வெளியே வரும் வழியை மட்டும் மறித்தார். நம் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதும் இதேதான், 200 வருடம் கழித்து!

ஆனால் விளக்கு வந்ததும் விபத்து நின்றுவிடவில்லை. வலை துருப்பிடித்தது, ஓட்டை விழுந்தது. வேகமான காற்றோட்டத்தில் சுடர் வலையைத் தாண்டியது. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. வாயு அதிகம் என்று கைவிட்டிருந்த பகுதிகளுக்கும், "இப்போதுதான் விளக்கு இருக்கிறதே" என்று ஆட்களை இறக்கினார்கள். பாதுகாப்புக் கருவி கையில் இருக்கிறது என்ற தைரியமே ஆபத்தை நோக்கி அழைத்துப் போனது. இந்த வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மின்சாரம் கீழே இறங்கியது

1880களில் மின்சாரம் சுரங்கத்துக்குள் நுழைந்தது. முதலில் விளக்கு, பம்ப். அப்புறம் நிலக்கரி வெட்டும் இயந்திரம். அன்றைய டி.சி. மோட்டாரில் கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும் உரசும் இடத்தில் எப்போதும் பொறி பறக்கும். சுவிட்சைத் திறந்தாலும் மூடினாலும் பொறி. வாயு நிரம்பிய இடத்தில் ஓயாமல் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருப்பது போல.

முதலில் எல்லாருக்கும் தோன்றிய யோசனை, எனக்குத் தோன்றியதேதான்: காற்றுப் புகாமல் அடைத்துவிடலாமே? அது நடக்கவில்லை. மோட்டார் ஓடும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து எப்படியாவது வெளியேறும். நிறுத்தினால் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதாவது பெட்டி மூச்சு விடும். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எப்படியும் இடைவெளி இருக்கும். இன்று இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வாயு உள்ளே போய்விடும். அப்போது மெல்லிய தகரப் பெட்டி என்றால் வெடிகுண்டு போல் சிதறும்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் கார்ல் பெய்லிங் என்ற ஜெர்மன் சுரங்க அதிகாரி. ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள கெல்சன்கிர்கென் நகரின் சோதனைக் கூடத்தில் 1900களின் தொடக்கத்தில் அவர் செய்தது இதுதான். மோட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளேயும் வெளியேயும் வெடிக்கும் கலவையை நிரப்பி, உள்ளே வேண்டுமென்றே பற்றவைத்தார். வெளியே இருப்பது பற்றுகிறதா என்று பார்த்தார். பலவிதமான கூடுகள், பலவிதமான இடைவெளிகள். 1906ல் முடிவுகள் வெளியாயின.

அவற்றின் சாரம்: பெட்டி இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, உள்ளே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மீத்தேனும் காற்றும் மூடிய பெட்டிக்குள் வெடித்தால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏழெட்டு மடங்கு ஏறும். இரண்டு, விளிம்புகளுக்கு நடுவே வெளியேறும் சூடான வாயு, வெளியே இருப்பதைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிட வேண்டும். அதற்கு விளிம்பு அகலமாகவும் இடைவெளி குறுகலாகவும் இருக்க வேண்டும். பிரிட்டனில் பிற்பாடு நெடுங்காலம் சுரங்கப் பெட்டிகளுக்குப் புழங்கிய கணக்கு, விளிம்பின் அகலம் 1 அங்குலம், இடைவெளி அதிகபட்சம் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. அதாவது சுமார் 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி.

டேவியின் கம்பி வலை இப்படித்தான் இரும்பு விளிம்பாக மாறியது. இதற்குத்தான் ஃபிளேம்ப்ரூஃப் என்று பெயர். அந்த இடைவெளி குறைபாடு இல்லை, அதுதான் பாதுகாப்பே. வெடித்த வாயு அழுத்தம் குறைந்து வெளியேற அதுதான் வழி. வெளியேறும்போது குளிரவைப்பதும் அதுதான்.

இப்போது சிலிகான் விஷயம் புரிந்திருக்குமே? இறுகிப்போகும் பசையைத் தடவினால் விளிம்புகள் சரியாக உட்காராது. எங்கே எவ்வளவு இடைவெளி என்று சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்களோ அந்தக் கணக்கே மாறிவிடும். ஒரு போல்ட் குறைந்தால் வெடிக்கும் நொடியில் மூடி அந்த இடத்தில் லேசாகத் தூக்கும். அரை மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆனால் போதும், கதை முடிந்தது.

செங்கெனித், 1913

இந்த அறிவெல்லாம் காகிதத்தில் வந்தபிறகு நடந்ததுதான் அடுத்தது.

தெற்கு வேல்ஸில் செங்கெனித் என்ற சின்ன ஊர். அங்கே யுனிவர்சல் என்ற நிலக்கரிச் சுரங்கம். வாயு அதிகம் உள்ள சுரங்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். 1901 மே மாதம் அங்கே ஒரு வெடிவிபத்தில் 81 பேர் இறந்திருந்தார்கள். 1913 அக்டோபர் 14 காலை, எட்டு மணி தாண்டியதும், மறுபடி வெடித்தது. மீத்தேன் பற்றி, அந்த அதிர்ச்சியில் கிளம்பிய நிலக்கரித் தூசு பற்றி, வெடிப்பு சுரங்கத்தின் மேற்குப் பகுதி முழுக்க ஓடியது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீட்கப் போன ஒருவரும் இறந்தார். பிரிட்டனின் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிர்ப்பலி இது. ஒரு சின்ன ஊரில் 440 பேர் என்றால் துக்கம் இல்லாத வீடு எத்தனை இருந்திருக்கும்?

எது பற்றவைத்தது? விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் சந்தேகப்பட்டவற்றில் ஒன்று மின் மணி. ஆம், காலிங் பெல் மாதிரி ஒரு மணிதான். வண்டிகளை இழுக்கும் இயந்திரக்காரருக்குச் சைகை கொடுக்க சுரங்கப்பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் போகும். இரண்டையும் சேர்த்துத் தொடவைத்தால் தூரத்தில் மணி அடிக்கும். கையை எடுக்கும்போது தொட்ட இடத்தில் சின்னப் பொறி வரும். ஓடுவது பேட்டரியில், அழுத்தம் குறைவு, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தார்கள்.

பெரிய மோட்டாருக்குக் கனமான பெட்டி வேண்டும் என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், சின்ன மணிக்கம்பி திறந்தே கிடந்தது!

வழக்கு நடந்தது. மேலாளர் மீது 17 குற்றச்சாட்டுகள், கம்பெனி மீது 4. கடைசியில் மேலாளருக்கு 24 பவுண்ட் அபராதம். கம்பெனிக்கு 10 பவுண்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 பவுண்டை 439ஆல் வகுத்தால் ஒரு உயிருக்கு ஒரு ஷில்லிங் ஒரு பென்னி, கொஞ்சம் சொச்சம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்தச் சாவுகளிலிருந்து ஒரு நல்லது பிறந்தது. மணியின் பொறி உண்மையிலேயே மீத்தேனைப் பற்றவைக்குமா என்று ஆர்.வி. வீலர், டபிள்யூ.எம். தோர்ன்டன் ஆகிய இருவரும் ஆராய்ந்தார்கள். அழுத்தம் குறைவு என்பது மட்டும் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தது. மணியின் மின்காந்தச் சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல், கம்பிகள் பிரியும் நொடியில் பொறியாக வெளியே வருகிறது. அந்த ஆற்றலைக் கட்டுப்படுத்தினால் பொறி வந்தாலும் வாயு பற்றாது. மீத்தேனைப் பற்றவைக்கக் குறைந்தது சுமார் 0.28 மில்லிஜூல் வேண்டும். அதற்குக் கீழேயே வைத்திருந்தால் வெடிப்பைத் தாங்கும் கனமான பெட்டியே தேவையில்லை. இதைத்தான் இன்று இன்ட்ரின்சிக் சேஃப்டி என்கிறோம். இன்றைய கெமிக்கல் ஆலைகளில் சென்சார் கம்பிகளில் பெரும்பாலும் இந்த முறைதான்.

விபத்து நடந்து சரியாக 100 வருடம் கழித்து, 2013 அக்டோபர் 14 அன்று, செங்கெனித்தில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான தேசிய நினைவிடம் திறக்கப்பட்டது.

நம் நாட்டுப் பக்கம்

நமக்குச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் ஞாபகம் வரும். அது திறந்தவெளிச் சுரங்கம், பூமிக்கடியில் பாதை போட்டு வெட்டுவதில்லை. அதனால் வாயு அடைந்து நிற்கும் இந்தப் பிரச்சினை நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் பரிச்சயமில்லை. ஆனால் ஜரியா, பொகாரோ பக்கம் கதை வேறு. 1965 மே 28 அன்று தன்பாத் பக்கத்தில் தோரி சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள். தன்பாத்தில் 1956ல் தொடங்கிய மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் 2007ல் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து வேறு பெயரில் இயங்குகிறது. ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிகளை வெடிக்கவைத்துச் சோதிப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. பெய்லிங் செய்த அதே சோதனை!

சுரங்கத்துக்கு வெளியே வந்தபோது ஒரு புதிய சிக்கல் வந்தது. எண்ணெய், ரசாயன ஆலைகளில் இருப்பது மீத்தேன் மட்டும் இல்லையே. ஒவ்வொரு வாயுவின் சுடரும் வேறு வேறு அளவு இடுக்கில் நுழையும். 25 மில்லிமீட்டர் அகல விளிம்பு வைத்து ஆய்வகத்தில் அளந்தால், மீத்தேனுக்குச் சுமார் 1.14 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தாலும் சுடர் தாண்டாது. புரொப்பேனுக்கு 0.92. எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. அதனால்தான் வாயுக்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். சுரங்கத்துக்கு முதல் குழு. மற்ற இடங்களுக்கு இரண்டாம் குழு, அதற்குள் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. புரொப்பேனுக்குச் செய்த பெட்டியை ஹைட்ரஜன் இருக்கும் அறையில் மாட்டினால், பெயர்தான் ஃபிளேம்ப்ரூஃப். காப்பாற்றாது.

இன்னொரு பெட்டி, இன்னொரு எண்

இதற்கு இணையாக இன்னொரு கதையும் நடந்தது. விரல், தூசு, தண்ணீர் இவற்றைத் தடுக்கும் பெட்டிகள். ஒவ்வொரு கம்பெனியும் "மழைக்குத் தாங்கும்", "தூசு புகாது" என்று வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டிருந்தது. ஒருவர் மழை என்றால் தூறல், இன்னொருவருக்கு அதுவே புயல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் ஐ.பி. எண். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976ல் 529 என்ற எண்ணில் இதற்கான தரத்தை வெளியிட்டது. இன்று அது 60529.

இரண்டு இலக்கம். முதலாவது திடப்பொருளுக்கு, 0 முதல் 6 வரை. 2 என்றால் விரல் உள்ளே போகாது. 5 என்றால் தூசு கொஞ்சம் போகலாம், கெடுதல் செய்யாது. 6 என்றால் தூசு போகவே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயில் பீய்ச்சினால் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும்.

நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். நானே ஏமாந்தேன். ஐ.பி. 67 என்று போட்ட பெட்டியைப் பார்த்தால் "தண்ணியே போகாது, வாயு எங்கே போகும்" என்று தோன்றும். ஆனால் அந்த எண், வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உள்ளே வெடித்தால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி என்ன ஆகும் என்று யாரும் அதற்காகச் சோதிக்கவில்லை. அதே மாதிரி, ஃபிளேம்ப்ரூஃப் என்பதாலேயே மழையில் மாட்டிவிடவும் முடியாது. அதற்கு ஐ.பி. எண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள்.

அப்புறம் சூடு. பெட்டியின் வெளிப்பக்கமே போதுமான அளவு சூடானால் பொறி இல்லாமலேயே வாயு பற்றும். அதற்குத்தான் டி1 முதல் டி6 வரை வெப்ப வகுப்பு. டி1 என்றால் மேற்பரப்பு 450 டிகிரி வரை போகலாம். டி4 என்றால் 135. டி6 என்றால் 85தான். நன்றாக அடைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்து, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழி இல்லாமல் செய்வதும் தவறுதான்.

சரி, முடிவாக என்ன?

பெட்டி தேர்ந்தெடுப்பது கேட்லாக்கில் விலை அதிகமானதைப் பார்த்து டிக் அடிக்கும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது என் நோட்டில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். வெளியே இருக்கும் எது உள்ளே போகக் கூடாது? உள்ளே நடக்கும் எது வெளியே வரக் கூடாது? மாட்டிய பிறகு, பத்து வருடம் கழித்து யார் அதைத் திறந்து மூடப் போகிறார்கள்?

மூன்றாவது கேள்வி எந்த லேபிளிலும் இல்லை. டேவியின் விளக்கு துருப்பிடித்த வலையால் தோற்றது. நான் பார்த்த பெட்டி என் சிலிகானால் தோற்றிருக்கும். சான்றிதழ் கொடுத்த அன்று பெட்டி சரியாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த முறை பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எண்ணெய் போடும்போது, பம்ப்பைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தால் எட்டிப் பாருங்கள். உள்ளே தடித்த விளிம்பும் போல்ட்டுமாக ஒரு குட்டிப் பெட்டி தெரியும். அதை முழுசாகத் துடைத்து, எல்லா போல்ட்டையும் எண்ணிப் பூட்டுகிற ஆள் யாராவது இருந்தால், வேலை இழுக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அன்று இரண்டு மணி நேரம் ஒரு போல்ட்டுக்காகக் காத்திருந்த அண்ணனுக்கு செங்கெனித் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அந்த 440 பேர் சொல்லிவிட்டுப் போனதை அவர் கை தெரிந்து வைத்திருந்தது.